நாற்பத்து மூன்றாம் பக்கம்

வித்யா,

இதை மாப்பிள்ளை வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துப் படி என்று முதல் வரி எழுதினேன். அப்புறம் அடித்துவிட்டேன். அவரும் படிக்கட்டும். திங்கட்கிழமை அந்த மலைப் பள்ளிக்கூடத்துப் படிவத்தில் கையெழுத்துப் போடப்போகிறவர் அவர்தானே. நேரிலேயே சொல்லலாமே, டெல்லிக்குள்ளேயே ஜனக்புரியிலிருந்து துவாரகா என்ன பெரிய தூரமா என்று நீ கேட்பாய். இந்தப் பதினொரு நாளில் மூன்று தடவை சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மூன்று தடவையும் உன் வீட்டில் டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். போனில் ஆரம்பித்தால் நீ குறுக்கே ஒரு கேள்வி கேட்டதும் நான் சமாளித்துவிடுவேன். முப்பத்தைந்து வருஷம் மினிஸ்ட்ரியில் உட்கார்ந்தவனுக்குச் சமாளிக்கவா தெரியாது. காகிதத்தில் எழுதினால்தான் எனக்குத் தப்பிக்க வழியில்லை. உன் அம்மா நாளைக் காலை வரைக்கும் கெடு வைத்திருக்கிறாள். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா" என்று கேட்டாள். பதிலுக்குக்கூட நிற்காமல் துணி மடிக்கப் போய்விட்டாள்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீனு எழுதுவதை நிறுத்தியதற்குக் காரணம் நீ இல்லை, நான். எட்டு வயசுக் குழந்தை பென்சிலைக் கையில் பிடித்துக்கொண்டு, வெறும் தாளைப் பார்த்தபடி மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பதை நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன். நீ கெஞ்சினாய், கதை சொன்னாய், ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன் என்றாய். வியாழக்கிழமை பொறுமை போய், நீயே கலர்த் தாள் ஒட்டிச் செய்த அந்தச் செருப்பு டப்பாவைத் தூக்கி பால்கனியில் வீசினாய். பிறகு சமையலறையில் நின்று, "வீட்டுல வச்சே படிக்க வைக்கிறேன்னு சொன்னது என் திமிருப்பா. நான் தோத்துட்டேன். அவர் சொல்ற மாதிரி ஹாஸ்டல்லயே போட்டுடலாம்" என்று அழுதாய். நான் உன் முதுகைத் தடவி, "விடும்மா, எல்லாம் சரியாப் போகும்" என்றேன். அந்த நிமிஷம் காரணம் என் தோளில் தொங்கிய பைக்குள் இருந்தது. எனக்கு அது தெரியும், வித்யா. தெரிந்துதான் உன் முதுகைத் தடவினேன்.

போன தீபாவளிக்குப் பிறகு மீனுவுக்கு மூச்சுத் திணறி, இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்து, கடைசியில் மூன்றாம் வகுப்பிலிருந்து நிறுத்தினாயே, அப்போது எனக்கு உன் மேல் கோபம்தான். நல்ல வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே அரைநாள் வேலை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, மிச்ச நேரம் குழந்தைக்கு நானே வாத்தியார் என்று நீ சொன்னபோது, இது எத்தனை நாளைக்கு என்று உன் அம்மாவிடம் முணுமுணுத்தேன். பத்திலிருந்து ஒரு மணி வரை நீ உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்க்கும் நேரத்துக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றாய். வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்து, மத்தியான மருந்து கொடுத்தால் முடிந்தது என்று நினைத்துத்தான் வந்தேன். வந்து பார்த்தால் உன் பாடமே வேறு மாதிரி இருந்தது. ஒரு துணிப்பையில் பழைய சாவி, சட்டைப் பட்டன், பஸ் டிக்கெட் என்று கண்டதையும் போட்டு வைத்திருந்தாய். கண்ணை மூடிக்கொண்டு மூன்றை எடுக்க வேண்டும், மூன்றும் வருகிற மாதிரி ஒரு கதை எழுத வேண்டும். புத்தகம் படித்தால் கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் மூடிவிடுவாய். முடிவை அவள் எழுதிக் காட்டின பிறகுதான் கடைசிப் பக்கம் திறக்கும். பால்கனியிலிருந்து கீழே போகிறவர்களில் ஒருவரைக் காட்டி, அவர் பையில் என்ன இருக்கிறது, வீட்டுக்குப் போய் யாரிடம் என்ன சொல்லுவார் என்று கேட்பாய். கீழே தெருவில் கீரை விற்கிற பையாவுக்கு அவள் ஏழு அக்கா தங்கைகளைக் கற்பித்து வைத்திருந்தாள். நான் நாற்காலியில் சாய்ந்து, இதெல்லாம் படிப்பா என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்தச் செருப்பு டப்பா தபால் டப்பாவாக வந்தது. வீட்டில் இருக்கிற எதற்கு வேண்டுமானாலும் மீனு கடிதம் எழுதிப் போடலாம், மறுநாள் பதில் வரும். பிரிட்ஜுக்கு எழுதினாள், லிப்டுக்கு எழுதினாள், தண்ணீர் வராத குழாய்க்குக் கோபமாக எழுதினாள். பாதித் தமிழ், நடுவில் இந்தி எழுத்து, சொல் கிடைக்காத இடத்தில் ஒரு படம். முதலில் நீதான் பதில் எழுதினாய். உனக்கு வேலை நெருக்கியதும் அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்தாய். கொடுக்கும்போது ஒன்று சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "அப்பா, நீங்க பிரிட்ஜா இருங்க, லிப்டா இருங்க. ஆபீசரா மட்டும் இருக்காதீங்க." நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

அவளுடைய மூச்சு மருந்து மிஷின் இருக்கிறதே, அதைக் கண்டாலே அப்போது கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வாள். ஒருநாள் அதற்கு எழுதினாள். "மிஷின் அங்கிள், நீ ஏன் குர்ர்னு கத்தறே? உனக்கும் மூச்சு வாங்குதா?" நான் பதில் எழுதினேன். "ஆமாம் மீனு. எனக்கும் வயசாகிவிட்டது. நீ முகம் சுளித்தால் பயத்தில் இன்னும் கத்துகிறேன். நீ சிரித்தால் மெதுவாகப் பேசப் பார்க்கிறேன்." அன்று மத்தியானம் மாஸ்க்குக்கு உள்ளே அவள் சிரித்தாள். பிளாஸ்டிக்கெல்லாம் ஆவி படிந்துவிட்டது. அதற்கப்புறம் மிஷின்தான் அவளுக்கு நெருங்கின சிநேகிதம். வாரத்தில் நாலு கடிதமாவது அதற்குப் போகும். பணி ஓய்வு பெற்றதிலிருந்து எனக்கு அத்தனை சந்தோஷமான வேலை கிடைத்ததில்லை. மெட்ரோவில் வரும்போதே மிஷின் இன்றைக்கு என்ன சொல்லும் என்று யோசித்துக்கொண்டு வருவேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என்னால் முடியவில்லை. அவள் எழுதின ஒவ்வொரு கடிதத்தையும் வீட்டுக்கு எடுத்துவந்து ஒரு கோப்பில் போட்டேன். மூலையில் துளை போட்டு, டேக் கட்டி, பக்க எண் எழுதி, எதிர்ப் பக்கம் குறிப்புத் தாள் வைத்து, ஆபீசில் செய்வதுபோல ஒழுங்காக. அதுவரைக்கும்கூட பரவாயில்லை. பிழையோடு ஒரு தாளை என்னால் கோப்பில் வைக்க முடியாது. சிவப்புப் பேனாவை எடுத்து, அவளுடைய கடிதத்தின் மேலேயே திருத்தினேன். ஒற்று, கொம்பு, சுழி எல்லாவற்றையும். குறிப்புத் தாளில், "பிழைகள் பதினான்கு. சென்ற வாரத்தைவிட இரண்டு கூடுதல். முன்னேற்றம் திருப்திகரமாக இல்லை" என்று எழுதி, கீழே தேதி போட்டுச் சுருக்கொப்பமும் வைத்தேன். யார் பார்க்கப்போகிறார்கள், எனக்கு ஒரு ஆறுதல் என்றுதான் நினைத்தேன். வேறு யாராவது இப்படிச் செய்ததாகச் சொல்லியிருந்தால் நானே அவனைப் பைத்தியம் என்று சொல்லியிருப்பேன்.

வேறு யாரும் என்ன, நானே முன்பு ஒருதடவை செய்ததுதான். கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் இருந்தோமே, உனக்கு ஒன்பது வயசு. மாடிப்படிக்குக் கீழே குட்டி போட்ட நாயைப் பற்றி நாலு பக்கத்தில் ஒரு கதை எழுதிக்கொண்டு வந்தாய். அந்த நாய் செகரட்டரி ஆகி, எல்லோருக்கும் மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்க லீவு கொடுக்கும். நான் ஆபீசிலிருந்து வந்த அலுப்பில் சிவப்புப் பேனாவை எடுத்தேன். "திருத்தி, நல்ல பிரதி எடுத்துக்கொண்டு வா" என்று ஓரத்தில் எழுதினேன். நீ எழுதிக்கொண்டு வந்தாய். மறுபடி திருத்தினேன். மூன்றாவது தடவை கொண்டுவந்தபோது ஒரு பிழை இல்லை. அதை மறுநாள் ஆபீசுக்கு எடுத்துப் போய் எல்லோரிடமும் காட்டி, என் பெண் எழுதினது என்று பெருமை அடித்துக்கொண்டேன். நாலு பக்கம் அரைப் பக்கம் ஆகியிருந்ததை நான் கவனிக்கவில்லை. நாய் செகரட்டரி ஆகவே இல்லை. குட்டி போட்டது, பால் கொடுத்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு நீ கதை எழுதி நான் பார்த்ததில்லை. கேட்டால் "ஹோம்ஒர்க் இருக்குப்பா" என்பாய். பொறுப்பான பெண் என்று அதற்கும் பெருமைப்பட்டேன்.

இப்போது, பதினொரு நாளுக்கு முன்னால் வந்த அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். நீ உள்ளே வேலையாக இருந்தாய். மூன்று பொருள் விளையாட்டுக்கு உன் துணிப்பை அலுத்துவிட்டது, எல்லாம் பார்த்த சாமான் என்று, "தாத்தா, இன்னிக்கு உங்க பை" என்றாள் மீனு. அடுப்பில் பால் பொங்குகிற நேரம். "எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். வழியில் கடையில் புது டேக் வாங்கி மாற்றலாம் என்று முந்தின நாள் சாயங்காலம் கோப்பைப் பைக்குள் போட்டதை மறந்தே போனேன். பாலோடு வந்து பார்க்கிறேன். என் கண்ணாடிக் கூடும் மெட்ரோ கார்டும் தரையில் ஒழுங்காக அடுக்கி வைத்திருக்கிறாள். மூன்றாவது பொருள் அவள் மடியில் திறந்து கிடக்கிறது. அவள் விரல் வைத்து ஒவ்வொரு சிவப்புக் கோடாகத் தடவிக்கொண்டிருந்தாள். அழவில்லை. "தாத்தா, மிஷின் நீங்களா?" என்று கேட்டாள்.

அந்த இடத்தில் ஆமாம் என்று சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே வேண்டியிருக்காது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சேச்சே, இல்லம்மா. மிஷின் எங்கிட்ட பத்திரமா வச்சுக்கச் சொல்லுச்சு" என்றேன். "இந்த ரெட் பென்?" என்றாள். "அதுவும் மிஷின்தான்" என்று சொல்லிவிட்டேன். வாயிலிருந்து அப்படியே வழுக்கிக்கொண்டு வந்தது. பழக்கம். ஆபீசில் ஒரு தப்பு நடந்தால் அதை எந்த மேஜைக்குத் தள்ளலாம் என்றுதான் முதலில் புத்தி போகும். அவள் கொஞ்ச நேரம் அலமாரி மேல் இருந்த மிஷினைப் பார்த்தாள். "அச்சா" என்றாள். கோப்பை மூடி, நாடாவை என்னைப்போலவே முடிச்சுப் போட்டுக் கையில் கொடுத்தாள். சிரித்தால் மெதுவாகப் பேசுகிறேன் என்று சொன்ன சிநேகிதன் இத்தனை நாளும் தன் தப்பை எண்ணிக்கொண்டிருந்தான் என்று ஒரு குழந்தையை நம்ப வைத்துவிட்டேன், வித்யா. அதற்குப் பிறகு அவள் ஏன் எழுதுவாள்?

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. நான் அதைச் சொன்ன பிறகுதான் உன் அம்மா கெடு வைத்தாள். அன்றைக்குத் திரும்பி வரும்போது மெட்ரோவில் உட்கார்ந்து, குழந்தை எதுவரைக்கும் படித்திருப்பாள் என்று கோப்பைத் திறந்தேன். ஒரு பக்கத்தின் ஓரத்தை மடித்து வைத்திருந்தாள். நாற்பத்து மூன்றாம் பக்கம், ஒரு மாதத்துக்கு முன்னால் மிஷினுக்கு எழுதின கடிதம். "மிஷின் அங்கிள், யார்கிட்டயும் சொல்லாதே. எனக்கு மூச்சு சரியாயிட்டா அம்மா மறுபடி ஆபீஸ் போயிடுவா. அப்ப எனக்கு சரியாக வேண்டாம். நீ மருந்த மெதுவா விடு. ப்ராமிஸ்?" இவ்வளவுதான் கடிதம். ஏழு இடத்தில் சிவப்பில் திருத்தியிருக்கிறேன். எதிர்ப் பக்கத்தில் என் கையெழுத்தில், "பிழைகள் ஏழு. நல்ல முன்னேற்றம். பதில் அனுப்பப்பட்டது. முடிக்கலாம்." நான் அனுப்பின பதிலும் ஞாபகம் வந்தது. "மருந்தைத் தவறாமல் எடுத்துக்கொள், சமர்த்தாக இரு." ஒரு மாதத்துக்கு முன்னால் அதைத் திருத்தினேன். படித்தது அன்றைக்கு மெட்ரோவில்தான். ஜனக்புரி வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. திலக் நகரில் இறங்கி பெஞ்சில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மத்தியான மருந்து நேரத்தில் அவளை உற்றுக் கவனித்தேன். நான் பேப்பரைப் புரட்டுகிறேன் என்று நினைத்தால் மாஸ்க்கை மூக்கிலிருந்து ஒரு விரல் தள்ளிப் பிடிக்கிறாள். மருந்து பூராவும் காற்றில் போகிறது. எத்தனை நாளாக என்று எனக்குத் தெரியாது. மத்தியான வேளையைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு, நான் பார்க்கவில்லை. போன தடவை டாக்டர், எதிர்பார்த்த அளவுக்குக் குணம் தெரியவில்லை என்று மருந்தைக் கூட்டினாரே, அதற்குப் பிறகுதானே மாப்பிள்ளை, மலைக்காற்று கிடைக்கும், படிப்பும் ஒழுங்காக நடக்கும் என்று அந்தப் பள்ளிக்கூடத்தைத் தேடினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். விமான நிலையத்தில் ஷிப்ட் முடித்து வந்து, குழந்தை தூங்கும்போது அவள் மூச்சை எண்ணிக்கொண்டு உட்காருகிற மனுஷன். கையில் இருந்த தகவலை வைத்து ஒரு முடிவுக்கு வந்தார். தகவலைக் கட்டி வைத்திருந்தவன் நான். புதன்கிழமையிலிருந்து நானே மாஸ்க்கைச் சேர்த்துப் பிடித்துக் கொடுக்கிறேன். அவள் என்னைப் பார்ப்பதில்லை, சுவரைப் பார்க்கிறாள். இதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும், உடனே சொல். காலையும் ராத்திரியும் கொடுக்கும்போது நீயும் பக்கத்தில் இரு.

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். வெட்கம். உன் முன்னால் தலைகுனிவது ஒருபக்கம். அந்தக் குழந்தை முன்னால் பொய்யன் என்று நிற்க வேண்டுமே என்பதுதான் பெரிசாக இருந்தது. நீ உன்னையே திட்டிக்கொண்டாய், மாப்பிள்ளைக்கும் உனக்கும் பேச்சு முற்றியது, நான் நடுவில் உட்கார்ந்து ரெண்டு பேருக்கும் நியாயம் சொன்னேன். இதை எழுதும்போது எனக்கே என் மேல் அருவருப்பாக இருக்கிறது.

உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இப்போது இல்லை. ஆனாலும் தப்புப் பண்ணினவனுக்குத்தான் தப்பு எங்கே இருக்கிறது என்று துல்லியமாகத் தெரியும், அதனால் சொல்கிறேன். நீ தோற்கவில்லை. எட்டு வயசில் ஒரு குழந்தை, வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றை, ஒரு மிஷினிடமாவது எழுதிச் சொல்ல முடியும் என்று கற்றுக்கொண்டிருக்கிறது. அதைக் கற்றுக் கொடுத்தது உன் செருப்பு டப்பாதான், என் வாய்ப்பாடு இல்லை. அவள் எழுதுகிற எதையும் திருத்தாதே. முதலில் அவள் என்ன கேட்கிறாள் என்று படி, கேட்டதற்குப் பதில் சொல். எழுத்து பிறகு தானாகச் சரியாகும், ஆகாவிட்டாலும் உலகம் நின்றுவிடாது. நாய் செகரட்டரி ஆனால் ஆகட்டும், விடு. பள்ளிக்கூடத்துக்கே அனுப்பக் கூடாது என்றும் நான் சொல்ல வரவில்லை. அது நீங்கள் இரண்டு பேரும் பேசி எடுக்க வேண்டிய முடிவு. ஆனால் அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக மூச்சையே விட்டுக்கொடுக்கத் துணிந்த குழந்தையை, இது தெரியாமல் எங்கோ மலையில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள்.

நேற்று நீ வேலைக்காகக் கதவைச் சாத்தின பிறகு, பால்கனியிலிருந்து டப்பாவை எடுத்து, தூசி தட்டி, பழைய இடத்திலேயே வைத்தேன். அதில் ஒரு கடிதம் போட்டேன். "மீனு, மிஷின் நான்தான். சிவப்புப் பேனாவும் நான்தான். மிஷின் உன் தப்பு ஒன்றைக்கூட எண்ணவில்லை. நான் உன்னிடம் பொய் சொன்னேன். தாத்தா." நான் கிளம்பும்போது டப்பா காலியாக இருந்தது. எடுத்துக்கொண்டாள். பதில் இல்லை. பதில் வர வேண்டும் என்று எதிர்பார்க்கும் உரிமையும் எனக்கு இல்லை. நாளைக் காலை உன் அம்மாவோடு வந்து இதை உன் கையில் கொடுக்கிறேன். நீ என்ன சொன்னாலும் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தோடு அந்த நாற்பத்து மூன்றாம் பக்கத்தைக் கோப்பிலிருந்து கழற்றி வைத்திருக்கிறேன். ஆபீசில் வேறு ஒருவருக்கு வர வேண்டிய தபால் தவறி நம் மேஜைக்கு வந்துவிட்டால், அதன் மேல் உரியவர் பெயரை எழுதி அன்றைக்கே அனுப்பிவிட வேண்டும். அத்தனை வருஷத்தில் நான் ஒருநாள்கூடத் தவறாத விதி அது. இதை மட்டும் ஒரு மாதம் வைத்திருந்துவிட்டேன். இது மிஷினுக்கு எழுதினதே இல்லை, வித்யா. உனக்கு எழுதினது. மேலே உன் பெயரை எழுதியிருக்கிறேன். சிவப்பில் இருப்பதைப் பார்க்காதே. பென்சிலில் இருப்பதை மட்டும் படி. பதில் நீ போடு.

அப்பா